மெலியோரின் நடைக்கேற்ப



இருபது ஆண்டுப் பிரிவின் பின்னர் ஏசாவும் யாக்கோபும் சந்தித்த நிகழ்வைத் தொடக்கநூலின் 33ஆம் அதிகாரம் எடுத்துரைக்கின்றது. நானூறு ஆட்களோடு வந்த ஏசா, தம்பியைத் தழுவிக்கொண்டு, இனி ஒன்றாகவே பயணம் செய்வோம் என அழைக்கின்றார். யாக்கோபோ பணிவுடன் மறுக்கின்றார். தம் பிள்ளைகள் சிறியவர்கள் என்றும், தம்மோடு பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உள்ளன என்றும், ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மடிந்துவிடும் என்றும் கூறி, அவர்களின் நடைக்கேற்ப மெதுவாக வருவதாகச் சொல்கின்றார்.

பல நாட்கள் நடந்து உயர்ந்த மலைகளுக்குச் செல்ல எண்ணுவோர் மனத்திற் பதிக்க வேண்டிய முதற்பாடம் இதுவே. விடுமுறைக் காலத்தில் நேபாளம் சென்று, எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாம் வரை நடந்து வரும் ஆவல் உங்கள் இல்லத்து இளையோருக்கும் எழக்கூடும். இறைவனின் படைப்பைக் கண்டு வியக்கும் அந்த ஆவல் நல்லதே. ஆனால் அது தக்க ஆயத்தத்தை வேண்டி நிற்கின்றது.

எமது நாட்டின் மிகவுயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரமானது. எவரெஸ்ட் பயணிகள் விமானத்தில் வந்திறங்கும் லுக்லாவோ ஏறத்தாழ 2,850 மீற்றர் உயரத்தில் உள்ளது. எங்கள் தீவின் உச்சியைவிட உயர்ந்த இடத்திலேயே அப்பயணம் ஆரம்பமாகின்றது! பயணத்தின் முடிவிடமான அடிவார முகாம் 5,364 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கே காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதன் பாதியளவே. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாட்கள் தேவை.

எனவே அனுபவமுள்ளோர் திட்டமிடும்போது தூரத்தைவிட, இரவில் உறங்கும் உயரத்தையே கணக்கிடுகின்றனர். 3,000 மீற்றருக்கு மேல், ஓர் இரவு உறங்கிய இடத்திலிருந்து மறு இரவு உறங்கும் இடம் 500 மீற்றருக்கு மேல் உயராதிருத்தல் நன்று. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டாம் இரவும் தங்க வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை. இதனாலேயே முதல் இரவில் பலர் லுக்லாவிலிருந்து கீழிறங்கி, 2,610 மீற்றர் உயரத்திலுள்ள பாக்டிங்கில் உறங்குகின்றனர். பின்னர் 3,440 மீற்றரில் நாம்சே பஸார். அங்கே இரு இரவுகள். தொடர்ந்து தெங்போச்சே, 4,410 மீற்றரில் டிங்போச்சே. அங்கும் இரு இரவுகள். அதன் பின்னரே லொபுச்சே, கோரக் ஷெப் ஆகிய இடங்களைக் கடந்து முகாமை அடைவர். ஏறுவதற்கு எட்டு நாட்கள், இறங்குவதற்கு மூன்று அல்லது நான்கு நாட்கள். தங்கும் நாளில் சற்று உயரம் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உறங்குவது உடலைப் பழக்கும்.

இவற்றோடு மேலதிகமாக இரண்டு மூன்று நாட்களையும் ஒதுக்கி வையுங்கள். காலநிலை சீரற்றிருப்பின் லுக்லாவுக்கு விமானங்கள் பறப்பதில்லை. ஹெலிகொப்டர் மூலமான மீட்புச் செலவையும் ஏற்கும் காப்புறுதி, குளிருக்கேற்ற உடை, பழகிய காலணி, பாதையறிந்த வழிகாட்டி ஆகியன இன்றியமையாதவை. மாத்திரைகளை வைத்தியரின் ஆலோசனையின்றி எடுக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மேலான ஆயத்தம் ஒன்றுண்டு. தலையிடியும் குமட்டலும் அளவு மீறிய சோர்வும் உயர மலை நோயின் ஆரம்ப அறிகுறிகள். அவை தோன்றினால் மேலே ஏறலாகாது. குறையாவிடின் இறங்கவே வேண்டும். நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது மூளை வீங்குவதையும், ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறுவது நுரையீரலில் நீர் கோப்பதையும் உணர்த்தக்கூடும். அப்போது விடியும்வரை காத்திராது கீழே கொண்டு செல்ல வேண்டும். தாமதம் உயிரைப் பறிக்கும். உடற்பலம் இந்நோயைத் தடுப்பதில்லை. பலமுள்ளவர் விரைந்து ஏறுவதால் அவரே முதலில் வீழ்வதும் உண்டு.

ஆனால் நோயுற்றவர் பெரும்பாலும் என்ன செய்கின்றார்? தன்னால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடக்கூடாதே என எண்ணி மௌனமாகின்றார். அந்த மௌனமே ஆபத்தானது. ஆகவே புறப்படுமுன் வீட்டில் ஒன்றாக அமர்ந்து, எவருக்கேனும் முடியாமற்போனால் குறை கூறாது திரும்புவோம் என்றும், எவரையும் தனியே கீழே அனுப்பமாட்டோம் என்றும் ஒருவருக்கொருவர் வாக்களியுங்கள். சுமை தூக்கிவரும் தொழிலாளரையும் இவ்வாக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுள் பலர் தாழ்ந்த மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். உயரம் எம்மைப் போலவே அவர்களையும் தாக்கும். அவர்களுக்குக் குளிருடை உண்டா, சுமை அளவானதா, நோயுற்றால் கவனிக்க ஏற்பாடு உண்டா எனக் கேட்பது கிறிஸ்தவரின் கடமையாகும்.

திருச்சபையின் வரலாற்றிலே மலையேற்றத்தை நன்கு அறிந்த திருத்தந்தை ஒருவர் இருந்தார். அவரே பதினோராம் பத்திநாதர். அக்கீல்லே ராத்தி என்ற இளம் குருவாக, 1889ஆம் ஆண்டு நண்பர் ஒருவருடனும் வழிகாட்டிகள் இருவருடனும் மொந்தே ரோசாவின் செங்குத்தான கிழக்கு முகத்தால் 4,634 மீற்றர் உயரமான சிகரத்தை ஏறினார். இருளில் இறங்குவது ஆபத்து எனக் கண்டு, சிகரத்தின் அருகே ஒடுங்கிய பாறை விளிம்பொன்றில் கொடுங்குளிரில் இரவைக் கழித்தனர். மலையேற்றத்துக்கு விவேகமே முதன்மையானது என்பது அவரின் எண்ணம்.

அவரே 1923ஆம் ஆண்டில் புனித பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அப்புனிதர் பதினோராம் நூற்றாண்டில் அல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 2,470 மீற்றர் உயரமான கணவாயில், பனியில் வழிதவறியோருக்கென ஓர் இல்லத்தை நிறுவினார். துறவியர் இன்றும் அங்கு பயணிகளை வரவேற்கின்றனர். சிகரம் தொட்டவருக்கென்றல்ல, களைத்து வந்தவருக்கெனவே அவ்வில்லத்தின் கதவு திறந்திருக்கின்றது.

அன்பானவர்களே, ஒரு குடும்பத்தின் பயணமும் இத்தகையதே. வயோதிபப் பெற்றோர், நோயுற்றவர், படிப்பில் பின்தங்கிய பிள்ளை என மெதுவாக நடப்பவர் எந்த இல்லத்திலும் இருப்பர். அவர்களின் நடையை எம் நடையாக்குவோம். சிகரங்கள் அங்கேயே நிற்கும். இன்னுமோர் ஆண்டு சென்று காணலாம். உடன் புறப்பட்ட அனைவரும் நலமே வீடு திரும்ப இறைவன் துணைபுரிவாராக.