ஹாலிபாக்ஸ் பிரபு அமராத ஆசனம்

நடந்ததை நடவாததாகவும் நடவாததை நடந்ததாகவும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து வேறொரு உலகத்தையே சிருஷ்டித்துக் காட்டுகிற மாற்றுச் சரித்திர ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்தமான சந்தர்ப்பங்களில் ஒன்று, லண்டன் டவுனிங் தெருவில் பத்தாம் எண் வீட்டில் 1940 மே 9ஆம் தேதி பிற்பகலில், பிரதம மந்திரி சேம்பர்லேனுக்குப் பின் யார் என்று முடிவு செய்வதற்காகக் கூடிய சின்னஞ்சிறு கூட்டம். சி. ஜே. ஸான்ஸம் என்ற ஆங்கில நாவலாசிரியர் 2012இல் வெளியிட்ட ‘டொமினியன்’ நாவல் அந்தக் கூட்டத்திலேயே தொடங்குகிறது. அதில் வெளிநாட்டு மந்திரி ஹாலிபாக்ஸ் பிரபு பிரதம மந்திரிப் பதவியை ஏற்றுக்கொண்டு விடுகிறார். பிரான்ஸ் வீழ்ந்ததும் ஹிட்லருடன் சமாதானம் செய்துகொள்கிறார். 1952ஆம் ஆண்டில், பத்திரிகை முதலாளி பீவர்புரூக் பிரபு பிரதம மந்திரியாகவும், பாசிஸ்டுத் தலைவர் மோஸ்லி உள்நாட்டு மந்திரியாகவும், ஈனோக் பவல் இந்தியா மந்திரியாகவும் கொலுவீற்றிருக்க, சர்ச்சிலோ தலைமறைவாக இருந்துகொண்டு எதிர்ப்பு இயக்கம் நடத்துகிறார். இந்தியாவுக்கு விடுதலை வந்தபாடில்லை.

கதைக்கு இது போதும். ஆனால் இந்தியர்களாகிய நமக்கு இந்த மனிதர் கதையில் மட்டும் சந்திக்கிற பாத்திரம் அல்லவே! இர்வின் பிரபு என்ற பெயரோடு ஐந்தாண்டுக் காலம் டில்லியிலிருந்து நம்மை ஆண்டவர் இவர். நம் தலைவர்களைச் சிறையில் அடைத்துவிட்டு, பிறகு அவர்களுள் தலையாயவரைத் தம் மாளிகைக்கே வரவழைத்துப் பேசியவரும் இவரே. ஆகவே 1940இல் அவர் அந்த ஆசனத்தில் அமர்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதைப் பற்றி, ஆங்கில நாவலாசிரியர்களைக் காட்டிலும் நாம் சற்று அதிகப் பாத்தியதையோடு அபிப்பிராயம் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எட்வர்ட் வுட் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1881இல் பிறந்தார். ‘வுட் அறிக்கை’ என்று பள்ளிக்கூடத்தில் நாம் உருப்போட்ட 1854ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்துக்குப் பெயர் தந்த சர் சார்ல்ஸ் வுட் அவருடைய பாட்டனார். தந்தையாரோ ஆங்கிலத் திருச்சபையில் பழைய ஆசாரங்களை நிலைநாட்டுவதற்கே வாழ்நாளை அர்ப்பணித்தவர். ஓய்வு கிடைத்தபோது பேய்க் கதைகளைச் சேகரிப்பதில் அவருக்கு அலாதிப் பிரியம். மூத்த சகோதரர் மூவரும் பால்யத்திலேயே மாண்டுபோக, இடது கை சூம்பி, அதில் உள்ளங்கையே இல்லாமல் பிறந்த இந்த நான்காவது பிள்ளை பட்டத்துக்கும் ஆஸ்திக்கும் வாரிசானார். அந்த ஊனம் அவருடைய குதிரையேற்றத்தையும் நரி வேட்டையையும் தடுத்ததில்லை. 1910இல் கன்ஸர்வேடிவ் கட்சியின் சார்பில் ரிப்பன் தொகுதியிலிருந்து காமன்ஸ் சபைக்குச் சென்றார். சென்னையில் மாநகராட்சி மாளிகைக்குப் பெயர் கொடுத்த ரிப்பன் பிரபுவின் பட்டத்தில் இருப்பதும் இதே ஊர்தான். கல்வி, விவசாய இலாகாக்களில் மந்திரியாக இருந்த காலத்தைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வீட்டை அவசரப்பட்டு இடிக்கக்கூடாது, இடிந்தே தீரும் என்று தெரிந்துவிட்டாலோ கல்லும் மரமும் சேதப்படாமல் மெள்ளப் பிரித்து இறக்க வேண்டும்; அவருடைய கன்ஸர்வேடிவ் சித்தாந்தத்தின் சாரம் இவ்வளவுதான்.

1926 ஏப்ரலில் வைஸ்ராயாக வந்தவர், டொமினியன் அந்தஸ்தே இந்தியாவின் இலக்கு என்று 1929 அக்டோபர் 31ஆம் தேதி பிரகடனம் செய்து, தம் கட்சியிலேயே சர்ச்சில் போன்றவர்களின் கோபத்துக்கு ஆளானார். அவ்வருஷம் டிசம்பர் 23ஆம் தேதி, டில்லியை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய ரயிலுக்கு அடியில் வெடிகுண்டு வெடித்தது. அவருக்குக் காயம் இல்லை. அன்று பிற்பகலே, ஒன்றும் நடவாதது போல, காந்திஜி, மோதிலால் நேரு, ஜின்னா முதலியவர்களைச் சந்தித்தார். உயிர் தப்பியதற்காக வைஸ்ராய்க்குக் காந்திஜி சந்தோஷம் தெரிவித்த பிறகுதான் பேச்சே ஆரம்பமாயிற்று. பேச்சில் பலன் விளையவில்லை. அடுத்த ஆண்டு உப்பு சத்தியாக்கிரகம் மூண்டது. வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பெடுத்துச் சிறை புகுந்ததும், தேசமெங்கும் 60,000க்கு மேற்பட்டவர்கள் சிறைகளை நிரப்பியதும், அவசரச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்ததும் இந்தப் பக்திமானின் ஆட்சியில்தான் என்பதை மறந்துவிடுவதற்கில்லை.

அதன் பிறகுதான் 1931 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வைஸ்ராய் மாளிகையில் அந்தச் சம்பாஷணைகள். அரை நிர்வாணப் பக்கிரி ஒருவர் சக்கரவர்த்தியின் பிரதிநிதியோடு சரிசமானமாகப் பேசுவதா என்று சர்ச்சில் லண்டனில் குமுறிக்கொண்டிருக்க, இங்கே தேநீர் வந்தபோது காந்திஜி தம் சால்வைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, வரி கட்டாத உப்பில் ஒரு சிட்டிகையைத் தம் கோப்பையில் போட்டுக்கொண்டார் என்றும், இருவரும் சிரித்தார்கள் என்றும் சொல்வதுண்டு. மார்ச் 5ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் அதே மாதம் 23ஆம் தேதி பகத்சிங்கும் இரு தோழர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். தண்டனையைக் குறைக்க வேண்டும் என்ற மன்றாட்டுக்கு இர்வின் இணங்கவில்லை. எதிராளியோடு உட்கார்ந்து மரியாதையாகப் பேசத் தெரிந்தவர், எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறாரோ அந்த இடத்தில் கல்லாக இருக்கவும் தெரிந்தவர். அவரைப் பற்றி மாற்றுச் சரித்திரம் எழுதப் புகுகிறவர்கள் இந்த இரண்டாவது அம்சத்தை அநேகமாகத் தவற விட்டுவிடுகிறார்கள்.

தந்தையார் காலமான பின் ஹாலிபாக்ஸ் பிரபுவாகிவிட்ட அவர், 1937 நவம்பரில், பெர்லினில் நடந்த ஒரு வேட்டைக் கண்காட்சியைப் பார்க்கும் வியாஜத்தில் ஜெர்மனிக்குப் போனார். பெர்க்டெஸ்காடன் மலையில் ஹிட்லரின் வாசஸ்தலத்துக்கு முன் மோட்டார் நின்றபோது, கண்ணாடி ஜன்னல் வழியே கறுப்புக் கால்சட்டையும் பட்டுக் காலுறையும் மட்டும் தெரிய, கதவைத் திறக்க வந்த வேலைக்காரர் போலும் என்று எண்ணித் தம் மேலங்கியை அந்த ஆசாமியிடம் கொடுக்கப் போனார். பக்கத்திலிருந்த ஜெர்மன் மந்திரி நாய்ராத் பதறிப்போய்க் காதோடு காதாக, இவர்தாம் ஹிட்லர் என்று சொல்ல வேண்டியிருந்தது. விருந்தின்போது அதே ஹிட்லர், இந்தியத் தொல்லை தீர வேண்டுமானால் காந்தியைச் சுட்டுவிடுங்கள் என்று உபதேசம் செய்தார். காந்திஜியோடு நாள் கணக்கில் உட்கார்ந்து பேசிய மனிதருக்கு இந்த ஒரு வார்த்தையே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இல்லை என்பதுதான் விசித்திரம். டில்லியில் பலித்த பொறுமையும் தர்க்கமும் இங்கேயும் பலிக்கும் என்று அவர் நம்பிவிட்டார். அடுத்த ஆண்டு வெளிநாட்டு மந்திரியாகி, சேம்பர்லேனின் சமரசக் கொள்கைக்குத் தோள் கொடுத்தார். ஆயினும் 1938 செப்டம்பரில், செக்கோஸ்லோவேகியாவை மிரட்டி காடஸ்பர்க்கில் ஹிட்லர் விதித்த புதிய நிபந்தனைகளை ஒரே இரவில் மனம் மாறி எதிர்த்தவரும் அவரே.

நார்வே யுத்தத் தோல்வியைப் பற்றிய விவாதத்தின் முடிவில், 1940 மே 8ஆம் தேதி, சேம்பர்லேன் சர்க்காருக்கு ஆதரவாக 281, எதிராக 200 வாக்குகள் விழுந்தன. வழக்கமாக 200க்கும் மேலாக இருந்த பெரும்பான்மை 81ஆகச் சுருங்கியது. மறுநாள் கூடிய நால்வர் சேம்பர்லேன், ஹாலிபாக்ஸ், சர்ச்சில், கட்சிக் கொறடா மார்கெசன். ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு ஹாலிபாக்ஸ்தான் இஷ்டம். கன்ஸர்வேடிவ் அங்கத்தினர்களில் பெரும்பாலோருக்கும் அப்படியே. தொழிற்கட்சியில் டால்டன் போன்றவர்களுக்குக்கூட ஆட்சேபமில்லை. தமக்குப் பின் யார் என்று சேம்பர்லேன் கேட்டபோது நீண்ட மௌனம் நிலவியது என்று சர்ச்சில் பிற்காலத்தில் எழுதினார். கூட்டத்தின் தேதியைப் பிசகாகவும், மார்கெசனை அடியோடு விட்டுவிட்டும் எழுதியவர் அவர் என்பதால், மௌனத்தின் நீளத்தையும் நாம் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்க வேண்டும். தம்முடைய வயிற்றில் வலி எடுத்ததாக ஹாலிபாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் சபையில் இருப்பவர் காமன்ஸ் சபையில் காலெடுத்து வைக்க முடியாது. யுத்தத்தைச் சர்ச்சில் நடத்துவார், சபையையும் சர்ச்சிலே நடத்துவார், தாம் பெயரளவில் வீற்றிருக்க வேண்டியதுதான் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். பிரபுப் பட்டம் ஒரு காரணமேயன்றி முழுக் காரணம் அல்ல. சட்டத்தில் அதற்குப் பரிகாரம் தேடியிருக்கலாம் என்று மன்னரே கருதினார். தம் சுபாவம் யுத்தத்துக்கு ஏற்றதல்ல என்பதை ஹாலிபாக்ஸ் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பதே என் ஊகம். அரசியல்வாதிகளிடம் அபூர்வமாகவே காணப்படும் ஞானம் அது.

இருந்தாலும் சர்ச்சில் பிரதம மந்திரியாகி ஒரு மாதத்துக்குள்ளேயே பரீட்சை வந்தது. டன்கர்க் கடற்கரையில் பிரிட்டிஷ் சேனை சிக்கிக்கொண்டிருந்த மே 26 முதல் 28 வரையிலான மூன்று நாட்களில் யுத்த மந்திரிசபை ஒன்பது தடவை கூடியது. முஸோலினியின் மூலமாக என்ன நிபந்தனைகள் கிடைக்கும் என்று கேட்டுத்தான் பார்ப்போமே, சுதந்திரத்துக்குப் பங்கமில்லாவிட்டால் ஏற்பதில் என்ன தவறு என்றார் ஹாலிபாக்ஸ். கேட்பதே சறுக்கல் என்றார் சர்ச்சில். தொழிற்கட்சியின் அட்லியும் கிரீன்வுட்டும் அவர் பக்கம் நின்றார்கள். சேம்பர்லேனும் முடிவில் அங்கேயே வந்து சேர்ந்தார். ராஜிநாமா செய்துவிடும் அளவுக்கு மனம் கசந்த ஹாலிபாக்ஸைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்ச் சர்ச்சில் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

தலைமை ஸ்தானத்தில் அன்று ஹாலிபாக்ஸ் இருந்திருந்தால்? நிபந்தனைகளைக் கேட்டிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. கேட்டபின், கப்பற்படையின் மீதோ தேசத்தின் சுதந்திரத்தின் மீதோ ஹிட்லர் கை வைத்த மாத்திரத்தில், காடஸ்பர்க் விஷயத்தில் செய்தது போலவே மறுத்தும் இருப்பார் என்பது என் கட்சி. அவ்வாண்டு ஜூலையில் ஹிட்லர் பகிரங்கமாகச் சமாதானம் பேசியபோது, 22ஆம் தேதி வானொலியில் அதை நிராகரித்துப் பேசியவர் சாட்சாத் ஹாலிபாக்ஸே. நாவல்களில் வருவது போன்ற சரணாகதி மூர்த்தியாக அவரைச் சித்திரிப்பது அநியாயம். ஆனால் அபாயம் வேறிடத்தில் இருந்தது. லண்டன் நிபந்தனை கேட்கிறது என்ற செய்தி கசிந்த பிறகு, தத்தளித்துக்கொண்டிருந்த சேனைக்கும், அட்லாண்டிக்கின் அக்கரையில் தயங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கும் எந்தத் தைரியம் மிஞ்சியிருக்கும்? பின்னால் மறுப்பதற்குத் தேவையான பலத்தை, முன்னால் கேட்ட கேள்வியே கரைத்திருக்கும்.

1940 டிசம்பரில் வாஷிங்டனில் ஸ்தானாபதியாக இருந்த லோதியன் பிரபு இறந்துபோக, அந்த இடத்துக்கு ஹாலிபாக்ஸைச் சர்ச்சில் அனுப்பி வைத்தார்; அவர் இஷ்டமில்லாமலேதான் போனார். ஆரம்பத்தில் அமெரிக்கர்கள் கேலி செய்தார்கள்; டெட்ராய்ட் நகரில் முட்டையும் வீசினார்கள். யுத்தத்தில் ஒரு மகன் எகிப்தில் மடிந்தான். இன்னொரு மகன் இரு கால்களையும் இழந்தான். அதன்பின் கேலி அடங்கி மரியாதை வந்தது. 1946 வரையில் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டு வெளியேறுவது என்று அட்லியின் சர்க்கார் 1947 பிப்ரவரியில் அறிவித்தபோது, பிரபுக்கள் சபையில் டெம்பிள்வுட் பிரபு கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். கன்ஸர்வேடிவ் பிரபுக்களுக்கு அங்கே அமோகமான பெரும்பான்மை. தீர்மானம் நிறைவேறிவிடும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஹாலிபாக்ஸ் எழுந்து, இந்தத் திட்டம் தவறென்று கண்டிப்பதற்கு, இதைவிட மேலான திட்டம் ஒன்று தம் கையில் இல்லையே என்று பேசினார். காமன்ஸ் சபையில் சர்ச்சில் அதே திட்டத்தை வன்மையாக எதிர்த்துப் பேசினார். பிரபுக்கள் சபையிலோ டெம்பிள்வுட், வாக்கெடுப்புக்கு விடாமலேயே தம் தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்.