பால் கொடுக்கும் தாய் கோதுமை சாப்பிடலாமா?

பஞ்சாப், அரியானா பக்கம் தினமும் ரொட்டிதான் சாப்பாடு. அங்கே பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பஞ்சீரி செய்து தருவார்கள். கோதுமை மாவை நெய்யில் வறுத்து, சர்க்கரையும் பாதாம் பருப்பும் சேர்த்துச் செய்வார்கள்.

ஆனால் சிலர், "கோதுமை குழந்தைக்கு ஆகாது. பால் கொடுக்கும்போது சாப்பிடாதே" என்கிறார்கள். இது சரியா?

சரியல்ல. கோதுமை மாவைப் பிசைந்தால் பசைபோல இழுபடும். அதில் உள்ள ஒரு புரதமே காரணம். அதன் பெயர் குளூட்டன். தாய் சாப்பிடும் குளூட்டனில் மிகமிகச் சிறிதளவே பாலில் சேரும். அதனால் பொதுவாகக் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட அதிகச் சாப்பாடு தேவை. ரொட்டியே முக்கிய உணவாக இருக்கும் வீட்டில் ரொட்டியை நிறுத்தினால் என்ன ஆகும்? தாய் மெலிந்து போவாள்.

யாருக்கு ஆகாது?

சிலருக்குச் சீலியாக் என்ற நோய் இருக்கும். அவர்களுடைய சிறுகுடலைக் குளூட்டன் கெடுக்கும். சாப்பிட்ட சத்து உடம்பில் சேராது. வட இந்தியாவில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. தென்னிந்தியாவில் குறைவு. இது தொற்றுநோய் அல்ல.

இந்த நோய் உள்ள தாய் கோதுமை, ரவை, மைதா, பார்லி எதையும் சாப்பிடக் கூடாது. கடையில் விற்கும் பெருங்காயத்தூளிலும் கோதுமை மாவு கலந்திருக்கலாம். அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு சாப்பிடலாம். ஆனால் கோதுமை அரைத்த மெஷினில் அவற்றை அரைக்கக் கூடாது. கோதுமை மாவு கலந்துவிடும்.

அவளும் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். பால் வழியாக நோய் பரவாது.

குழந்தையைக் கவனியுங்கள்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். பிறகு மற்ற உணவோடு கோதுமையும் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கோதுமை கொடுக்கத் தொடங்கிய பிறகு இவற்றைக் கவனியுங்கள்:

- பல நாள் விடாமல் பேதி போகிறதா?
- வயிறு உப்பியிருக்கிறதா?
- எடை கூடவில்லையா?
- உடம்பு வெளுத்துப் போகிறதா?

இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதற்கு முன் கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் ரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். எதை நிறுத்துவது என்று அவர் சொல்வார். யாரோ சொன்னார்கள் என்று தாய் பட்டினி கிடக்க வேண்டாம்.