மின்வடத்துக்கு ஏறும் பதம்

மரச்சட்டத்தில் கிளிப் அடித்து மின்கம்பி ஓட்டிய காலத்து ஓட்டு வீடுகள் களமருதூர் போன்ற ஊர்களில் இடிபடும்போது, பழைய கம்பிகள் எடைக்குப் போகின்றன. அவற்றின் கருப்பு இரப்பர் உறை விரலால் மடித்தாலே பொருக்குப் பொருக்காக உதிரும். உள்ளிருப்பது செம்புதான், ஆயினும் செந்நிறம் தெரியாது, வெண்மையாக மின்னும். கத்தியால் சுரண்டினால்தான் செம்பு வெளிப்படும். அந்த வெண்மை வெள்ளீயப் பூச்சு. புளி கரைக்கும் பாத்திரத்துக்குப் பூச்சு வேண்டும்; புளியே படாத கம்பிக்கு எதற்கு?

இரப்பர் மரத்தின் பாலை உறையவைத்துப் பெறும் பச்சை இரப்பர் மின்காப்புக்கு ஆகாது. சித்திரை வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ஆயிரக்கணக்கான ஐசோபிரீன் அலகுகள் கோத்த நீண்ட மூலக்கூறுத் தொடர்கள் அதில் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் ஒன்றையொன்று பற்றியிருப்பதில்லை. வெம்மை ஏறியதும் வழுக்கிப் பிரியும். 1839இல் அமெரிக்கர் சார்லசு குட்யியர் இரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினார். தொடருக்கும் தொடருக்கும் இடையே கந்தக அணுக்கள் பாலமிட்டன. இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும் உறுதியான பொருள் பிறந்தது. அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்த ஆண்டு 1844. இங்கிலாந்தில் காப்புரிமை கோருவதில் தாமசு ஆன்காக் அவரைச் சில வாரங்கள் முந்திக்கொண்டார்.

மின்வடம் செய்வோருக்கு இந்தக் கந்தகமே தலைவலியாயிற்று. சூட்டில் அது இரப்பரோடு மட்டும் நிற்காமல் செம்பையும் பற்றி, கரிய செம்புச் சல்பைடை உண்டாக்கும். கம்பி கறுக்கும், இழைகள் நொய்ந்து போகும், செம்பின் சேர்மங்கள் இரப்பரின் சிதைவையும் விரைவுபடுத்தும். இடையில் தடுப்பாக நிற்பதுதான் வெள்ளீயம். பழைய வீட்டுக் கம்பியின் வெண்மைக்கு இதுவே காரணம்.

இப்படி இரப்பர்த் தொடர்களைச் சூட்டில் பாலமிட்டு உறுதியாக்கும் பதமேற்றம் இன்று பெரும்பாலும் தொடரோட்டமாகவே நிகழ்கிறது. சூடான பிதுக்குபொறியின் வாயில் கம்பி நுழைந்து, இரப்பர்க் கலவை போர்த்தப்பட்டு, உடனே நீராவி நிறைந்த நீண்ட குழாய்க்குள் செல்கிறது. குழாயும் கம்பியின் தொய்வுக்கு ஏற்ப வளைந்திருக்கும். இளகிய உறை சுவரில் பட்டால் வடு விழுந்துவிடும் அல்லவா? வளிமண்டலத்தைப் போல் 15 மடங்கு அழுத்தத்தில் நிறைநீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 200 பாகை செல்சியசு. சூட்டைப் போலவே அழுத்தமும் இன்றியமையாதது. அது தளர்ந்தால் கலவையில் எழும் வளிகள் குமிழிகளாகத் தங்கும். உயர் மின்னழுத்தத்தில் அக்குமிழிகளுக்குள் நுண்பொறிகள் எழுந்து உறையைச் சிறிது சிறிதாக அரிக்கும். ஆதலால் குளிர்விக்கும் நீரும் அழுத்தம் குறையாமலே வடத்தை வரவேற்கிறது.

இரப்பர் வெப்பத்தை மெல்லவே கடத்தும். புறத்தோல் வெந்த பிறகே கம்பியை ஒட்டிய அடிப்பகுதிக்குச் சூடு எட்டுகிறது. ஓட்டத்தைக் கூட்டினால் அடி பச்சையாக நிற்கும். குறைத்தால் இயற்கை இரப்பரின் கந்தகப் பாலங்களே அறுபட்டு மீண்டும் குழையும். பிதுக்குபொறிக்குள்ளேயே பதம் தொடங்கிவிட்டால் கட்டி கட்டியாக வரும். அதிரசப் பாகு பார்ப்பவருக்கு இந்தப் பதற்றம் புரியும்.

களமருதூருக்குத் தென்கிழக்கே, நெய்வேலியில், இவ்வடங்களுக்குக் கடுமையான வேலை உண்டு. அங்கே 1957இல் தோண்டத் தொடங்கிய திறந்தவெளிச் சுரங்கத்தில், மின்னாற்றலால் ஓடும் சக்கர வாளி எந்திரங்கள் மண்ணை அகழ்கின்றன. எந்திரம் நகர நகர, அதன் வடமும் தரையில் இழுபடும், சேற்றில் புரளும், மடிந்து நிமிரும். இத்தகைய இழுபடு வடங்களுக்கு விறைப்பான நெகிழி ஒத்துவராது. அங்கே எத்திலீன் புரொப்பிலீன் இரப்பர் கைகொடுக்கிறது. அதன் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால், இயற்கை இரப்பரை வெடிக்கச் செய்யும் ஓசோன் அதை எளிதில் தீண்டாது. அதே காரணத்தால், மூன்றாம் அலகு ஒன்றைச் சேர்த்தாலன்றிக் கந்தகமும் அதில் பாலமிட முடியாது. ஆகவே பெராக்சைடு சேர்க்கிறார்கள். அது சூட்டில் பிளந்து தனி உறுப்புகளாகி, தொடர்களின் ஐதரசனைப் பறிக்க, கரியணுவும் கரியணுவும் நேரே கைகோக்கின்றன. கந்தகப் பாலத்தைவிட இப்பிணைப்பு வலியது. இயற்கை இரப்பர் வடம் 60 பாகைக்கே உரியது. இது 90 பாகையில் இடைவிடாமல் உழைக்கும், குறுக்குச்சுற்றின் நொடிகளில் 250 பாகையையும் தாங்கும். நம் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் தட்டை வடம் பெரும்பாலும் பதமேறாத பிவிசி. பொதுவகைப் பிவிசியின் எல்லை 70 பாகை. மோட்டார் இறுகினால் அது இளகுவதில் வியப்பில்லை.

வாங்குவோர் செம்பின் எடையைத்தான் பார்க்கிறார்கள். பதம் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென ஒரு சோதனை இருக்கிறது. உறையிலிருந்து வெட்டிய துண்டை 250 பாகை அடுப்பில் தொங்கவிட்டு, குறுக்குப்பரப்பின் சதுரச் சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன் வீதம் எடை கட்டி, 15 மணித்துளி விடுவார்கள். கூடுதல் நீட்சி தொடக்க நீளத்தின் 175 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எடையை நீக்கி ஆறவிட்டபின் எஞ்சும் நீட்சி 15 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். பச்சையாக நின்ற துண்டு பாதியிலேயே அறுந்து விழும்.

சுரங்கத்தில் கல் கிழித்த வடத்தை உடனே வீசிவிடுவதில்லை. கிழிந்த இடத்தைச் சீவிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, பச்சை இரப்பர்ப் பட்டையை இறுகச் சுற்றி, வார்ப்பச்சில் பூட்டிச் சூடேற்றுகிறார்கள். ஒருமுறை பதமேறிய பழைய உறை மீண்டும் உருகிக் கலக்காது. ஒட்டுக்குப் பிடிப்பு தருவது அந்தச் சொரசொரப்பும் பசையுமே. ஆறியபின் மின்னழுத்தச் சோதனையில் தேறினால், வடம் மறுபடி எந்திரத்தோடு பூட்டப்படும்.