இணையத்தளமும் தேடுபொறியின் பதிவேடும்



சிற்றூர் ஒன்றில் ஒரு வாசிகசாலை இருப்பதாகக் கொள்வோம். அவ்வூர் இளைஞர் பல மாதம் உழைத்து, பழைய பாடசாலை மலர்களையும், வாசிகசாலையின் நூற்பட்டியலையும், முதியோர் சொன்ன ஊர் வரலாற்றையும் திரட்டி ஓர் இணையத்தளம் அமைக்கின்றனர். விழா எடுத்துத் திறந்தும் வைக்கின்றனர். ஓராண்டு கழிகின்றது. உறவினரும் நண்பரும் அன்றி வேறெவரும் அங்கு வந்ததாகத் தெரியவில்லை. "நம் ஊர்ச் செய்தியை யார் தேடப் போகிறார்கள்?" என்று மனஞ் சோர்ந்து, ஆண்டுக் கட்டணத்தை நிறுத்திவிடலாமா என்று கூட்டத்திற் பேசத் தொடங்குகின்றனர்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை நிதானிக்க வேண்டும். தேடுவோரே இல்லையா? அன்றித் தேடியவர்க்கு அத்தளம் காட்டப்படவே இல்லையா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் இரண்டுக்கும் மருந்து வேறு. எது உண்மை என்பதை ஊகத்தால் அறிய முடியாது. அதனை அறிவதற்குத் தேடுபொறி நிறுவனங்களே கட்டணமின்றி ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளன. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

தேடுபொறி, நாம் ஒரு சொல்லைக் கொடுத்த அந்தக் கணத்தில் உலகிலுள்ள தளங்களையெல்லாம் ஓடிப் பார்ப்பதில்லை. அதன் நிரல் ஒன்று எந்நேரமும் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்கு, இணைப்புக்களைப் பற்றிச் சென்றுகொண்டேயிருக்கும். கூகிள் நிறுவனத்தின் அந்நிரலுக்குக் கூகிள்பொட் என்று பெயர். அது வாசித்த பக்கங்களுள் தகுந்தவை ஒரு பெரிய அட்டவணையிற் சேர்க்கப்படுகின்றன. நாம் தேடும்போது விடை வருவது அவ்வட்டவணையிலிருந்தேயாம். ஆகவே, அட்டவணையில் இடம்பெறாத பக்கம் எத்துணைச் சிறந்ததாயினும், தேடுவோர்க்கு அது இல்லாததே.

1998இல் தொடங்கிய கூகிள் நிறுவனம், தளக்காரர் தம் பக்கங்களின் பட்டியலைத் தாமே அனுப்பும் ஏற்பாட்டை 2005இற் செய்தது. அது வளர்ந்து, 2006இல் வெப்மாஸ்ரர் ரூல்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. 2015இல் அதற்குச் சேர்ச் கொன்சோல் என்று புதுப்பெயர் இட்டனர். மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் பிங் தேடுபொறிக்கும் இத்தகைய கருவி உண்டு. ஒன்றை அறிந்தவர்க்கு மற்றது எளிது. ஆதலாற் கூகிளின் கருவியையே எடுத்து விளக்குவோம்.

இதனைப் பயன்படுத்த வேண்டுமாயின், தளம் நம்முடையது என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டும். என்ன சொல்லைத் தேடி வந்தனர், எப்பக்கத்திற் பிழையுள்ளது என்பன உரியவர் மட்டுமே அறியத்தக்கவை. ஒரு பக்கத்தைத் தேடல் விடையிலிருந்து தற்காலிகமாக நீக்கும் அதிகாரமும் இங்கே உண்டு. இவற்றை அயலாரிடம் கொடுக்கலாமா? ஆகவே கூகிள் ஓர் அடையாளக் குறியைத் தருகின்றது. உரியவர் மட்டுமே கைவைக்கக்கூடிய இடத்தில் அதனைப் பதித்துக் காட்ட வேண்டும்.

பதிக்கும் வழிகள் பல. அவர்கள் தரும் சிறிய கோப்பைத் தளத்தின் தலைமை அடைவில் வைக்கலாம். அல்லது முகப்புப் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரியைச் சேர்க்கலாம். மற்றொரு வழி, டொமைன் பெயரைப் பதிந்த நிறுவனத்தின் பக்கத்துக்குச் சென்று, டீ.என்.எஸ். பதிவுகளிடையே அக்குறியை ஒரு டெக்ஸ்ட் பதிவாக இடுவதாகும். முன்னிரண்டும், நாம் கொடுத்த முகவரி எவ்வாறு தொடங்குகின்றதோ அவ்வாறு தொடங்கும் பக்கங்களுக்கு மட்டுமே செல்லும். டீ.என்.எஸ். வழியோ அப்பெயரின் கீழுள்ள கிளைத்தளங்கள் எல்லாவற்றையும் ஒருங்கே அடக்கும். சற்றுக் கடினமாயினும் இதுவே நிறைவான வழி. இம்மாற்றம் இணையமெங்கும் பரவ ஓரிரு நாள் ஆகலாம். உடனே ஏற்கப்படாவிட்டாற் கலங்க வேண்டியதில்லை. ஏற்கப்பட்ட பின்னரும் குறியை அழித்துவிடலாகாது. அது இருக்கின்றதா என்று கூகிள் இடையிடையே பார்த்துக்கொள்ளும்; காணாவிடின் உரிமை நீங்கிவிடும்.

அடுத்துச் செய்ய வேண்டியது சைற்மப் என்னும் பக்கப்பட்டியலைக் கொடுப்பது. ஒரு பட்டியலில் 50,000 முகவரிகள் வரை அடங்கலாம். இன்று தளம் அமைக்கும் மென்பொருள்கள் பல இதனைத் தாமாகவே ஆக்கித் தருகின்றன. அதன் முகவரியைச் சேர்ச் கொன்சோலில் எழுதிவிட்டாற் போதும். பட்டியல் கொடுத்ததனாலேயே எல்லாப் பக்கமும் அட்டவணையில் ஏறிவிடும் என்று எண்ணலாகாது. 'இவை உள்ளன, வந்து பாருங்கள்' என்ற அழைப்பே அது.

சில நாட்களில் தரவுகள் வந்து சேரும். முதலிற் பார்க்க வேண்டியது பக்கங்களின் அட்டவணை நிலை. எத்தனை பக்கங்கள் சேர்க்கப்பட்டன, எத்தனை விடப்பட்டன, விடப்பட்டமைக்குக் காரணம் யாது என்பன அங்கே இருக்கும். நம் வாசிகசாலையார் இதனைத் திறந்திருந்தால், ஒரு வரி அவர்களைத் திடுக்கிடச் செய்திருக்கும்: 'நோஇன்டெக்ஸ் குறியினால் விலக்கப்பட்டது.' தளம் கட்டப்படும் காலத்தில், அரைகுறைப் பக்கங்கள் வெளியாகாதிருக்க, தேடுபொறிகளை விலக்கிவைக்கும் அடையாளத்தை இடுவது வழக்கம். வேர்ட்பிரஸ் மென்பொருளில் அதற்கென ஒரு சிறு பெட்டியே உண்டு. வேலை முடிந்ததும் அதனை நீக்க மறந்துவிட்டால், தளக்காரரே வாயிலைப் பூட்டிவிட்டு, விருந்தினர் வரவில்லையே என்று வருந்துகின்ற நிலைதான் உண்டாகும். ஓராண்டு உழைப்பைக் கைவிடத் துணிந்தவர்களுக்குத் தேவையாயிருந்தது ஒரு குறியை நீக்குவது மட்டுமே.

இதனோடு தொடர்ந்த மயக்கம் ஒன்றையும் தெளிவாக்குவோம். ரோபோட்ஸ் டெக்ஸ்ட் என்னும் கோப்பு, தேடும் நிரலிடம் 'இப்பக்கத்தை வாசியாதே' என்று சொல்வது. நோஇன்டெக்ஸ் என்பது 'வாசித்தாலும் அட்டவணையிற் சேர்க்காதே' என்று சொல்வது. இரண்டையும் ஒருங்கே இட்டால், வாசிக்கத் தடையிருப்பதால் இரண்டாவது கட்டளை நிரலின் கண்ணிற் படாமலே போகும். மறைக்க விரும்பிய பக்கத்தின் முகவரி, பிறதள இணைப்புக்கள் வழியாக விடையில் தோன்றவுங்கூடும்.

இனிச் செயற்பாட்டு அறிக்கையைக் காண்போம். இதில் நான்கு எண்கள் உள. நம் பக்கம் தேடல் விடையில் எத்தனை முறை தோன்றியது. எத்தனை முறை அதனைக் கிளிக் செய்தனர். தோற்றத்துக்குக் கிளிக் எத்தனை வீதம். சராசரியாக எத்தனையாம் இடத்தில் நின்றது. ஆயிரம் முறை தோன்றி இருபது கிளிக் பெற்றால் வீதம் 2 ஆகும். தோற்றம் மிகுந்து கிளிக் குறைந்த பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். 'முகப்பு' என்ற ஒரு சொல் மட்டும் தலைப்பாக இருந்தால், உள்ளே என்ன உண்டு என்று தேடுவோர் எவ்வாறு அறிவர்?

எண்களிலும் பயன் மிக்கது தேடற்சொற்களின் பட்டியல். தளத்தில் எங்கும் 'வாசிகசாலை' என்று எழுதியிருப்போம். தேடுவோரோ 'நூலகம்' என்று தேடியிருப்பர். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடுவோரும் உளர். மக்கள் வழங்கும் சொல் எது என்பதை இப்பட்டியல் நமக்குக் கற்பிக்கின்றது. அச்சொல்லையும் பொருத்தமான இடத்தில் எழுதிவைத்தல் தேடுவோர்க்குச் செய்யும் உதவியாகும். மிகச் சிலரே தேடிய சொற்களைக் கூகிள் மறைத்துவிடுவதால், பட்டியலின் கூட்டுத்தொகை மொத்தத்துடன் ஒத்துவராது, அது பிழையன்று. தரவுகள் 16 மாதங்கள் வரையே வைக்கப்படும். சென்ற ஆண்டின் பரீட்சைக் காலத்தை இவ்வாண்டின் அதே காலத்துடன் ஒப்பிட அது போதுமானது.

பக்கம் திறக்கும் வேகத்தைப் பற்றியும் அறிக்கை உண்டு. பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும் என்பது அங்கு கொள்ளப்படும் அளவு. கைத்தொலைபேசியில் எடுத்த பெரிய படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுவது தாமதத்துக்குப் பொதுவான காரணம். வருவோர் குறைந்த தளங்களுக்கு இவ்வறிக்கை வெறுமையாக இருக்கலாம். அப்பொழுது பேஜ்ஸ்பீட் இன்சைற்ஸ் என்னும் இலவசக் கருவியிற் பக்கங்களைத் தனித்தனியே சோதிக்கலாம்.

இறுதியாக, பலர் கவனியாத ஒன்று. தளத்தை அமைத்த இளைஞர் தம் சொந்தக் கணக்கிலேயே எல்லாவற்றையும் இணைத்துவிட்டு வெளிநாடு சென்றுவிட்டால், சங்கம் தன் தளத்தின் நிலையை அறியாது திகைக்க நேரும். ஆகவே உரிமையாளராக இருவரையேனும் பதிந்துவைத்தல் நலம். எழுத உதவுவோர்க்குக் குறைந்த அதிகாரம் போதும். பொறுப்பிலிருந்து நீங்கியவரின் பெயரை எடுப்பதுடன், அவர் பதித்த அடையாளக் குறியையும் தளத்திலிருந்து அகற்ற வேண்டும். இல்லையேல் அவர் மீண்டும் உரிமை பெற இடமுண்டு. புதிய உரிமையாளர் சேர்ந்ததாக மின்னஞ்சல் வந்தால் அதனை அலட்சியஞ் செய்யலாகாது. தளத்துட் புகுந்த கள்வர் முதலிற் செய்வனவற்றுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

இக்கருவியுடன் இணைவதனால் மட்டும் தளம் முதலிடத்துக்கு வந்துவிடாது. பணம் பெற்றுக்கொண்டு தேடல் விடையில் இடத்தை உயர்த்துவதில்லை என்பது கூகிள் வெளிப்படையாகச் சொல்லியுள்ள கொள்கை. ஆகவே, முதலிடம் வாங்கித் தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்போரிடம் எச்சரிக்கையாயிருங்கள். இக்கருவி தருவது உயர்வன்று, உண்மை. தேடுவோர் இல்லை என்று மனம் சோர்வதற்கு முன், வாயில் திறந்திருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குச் செலவில்லை, ஒரு மாலைப்பொழுதே போதும்.