முட்டை மிதக்கும் உப்புநீர்

கனமான பொருள் நீரில் மூழ்கும், இலேசான பொருள் மிதக்கும் என்று சொல்லாத சிறுவர் அரியர். ஆனால் வேளிக் காயலில் ஆட்களை ஏற்றிய படகு மிதக்கிறது. கரையிலிருந்து எறிந்த சிறு கூழாங்கல்லோ அடிக்குப் போய்விடுகிறது. எடையை மட்டும் நோக்கினாற் போதாது; அவ்வெடை எவ்வளவு இடத்தில் அடங்கியிருக்கிறது என்பதையும் நோக்க வேண்டும். இதனையே அடர்த்தி என்கிறோம். திருவனந்தபுரத்தில் மலையாள வழியிற் பயிலும் நம் குழந்தைகள் இதனைச் 'சாந்திரத' என்று கற்கிறார்கள். சொல்லை ஒப்பிக்கும் குழந்தைக்குப் பொருள் விளங்கியதா என்று அறிய, வீட்டிலுள்ள தாயோ பாட்டியோ மலையாளப் பாடநூலைப் படிக்க வேண்டுவதில்லை. அடுக்களையில் உப்பும் ஒரு முட்டையும் இருந்தாற் போதும்.

கண்ணாடித் தம்ளரில் கால் லிட்டர் நீர் எடுத்துப் புது முட்டை ஒன்றை மெல்ல இடுக. அது அடியிற் சென்று தங்கும். முட்டையை எடுத்துவிட்டு, உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, ஒவ்வொரு முறையும் மீண்டும் இட்டுப் பார்க்க. ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கரைந்த நிலையில் முட்டை மேலே வந்துவிடும். ஒவ்வொரு கரண்டிக்கு முன்பும், "இப்போது என்ன ஆகும்?" என்று குழந்தையைக் கேட்டுவிட்டு இடுதல் நன்று. விடையை நாமே முந்திக்கொண்டு சொன்னால் அது வெறும் வேடிக்கையாகிவிடும். முட்டையின் எடை குன்றிமணி அளவும் குறையவில்லை, மாறியது நீர்.

இன்னும் ஒரு படி செல்லலாம். அகன்ற தம்ளரிற் பாதியளவு உப்புநீரில் முட்டை மிதக்கும்போது, நல்ல நீரைக் கரண்டியின் பின்புறத்திற் படுமாறு மெதுவாக ஊற்றுக. இரண்டு நீரும் கலவாதிருந்தால் முட்டை மேலே எழாமலும் கீழே இறங்காமலும் நடுவில் நிற்கும். முட்டை புழங்காத இல்லங்களில் உருளைக்கிழங்குத் துண்டு இதே வேலையைச் செய்யும்.

மூத்த பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: சங்குமுகத்துக் கடல்நீரைக் கொணர்ந்து இட்டால் புது முட்டை மிதக்குமா? மிதக்கும் என்றே பலர் சொல்வர். நல்ல நீரின் அடர்த்தி 1 என்றால், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025; புது முட்டையினது 1.08 அளவில் இருக்கும். ஆகவே மூழ்கும். நாட்பட்ட முட்டையோ நல்ல நீரிலேயே மிதக்கக் கூடும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி, உள்ளே காற்று இடம் பிடிக்கிறது. எடை குறைகிறது, பருமன் அப்படியே இருக்கிறது.

இது பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு மட்டுமன்று. ஜப்பானில் 1882-ஆம் ஆண்டு யொக்கோய் தொகியோஷி என்னும் வேளாண் அறிஞர் விதைநெல்லை உப்புநீரிலிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தார். நன்கு முற்றிய மணி மூழ்கும்; பதரும் அரைவிளைச்சலும் மிதக்கும். உப்பின் அளவை அறிய உழவருக்கு வேறு கருவி வேண்டா. இட்ட முட்டை மேலெழுந்து, அதன் ஓடு ஒரு நாணயம் அளவு நீருக்கு வெளியே தெரிந்தால் போதும்.

விடுமுறையில் நாஞ்சில் நாட்டிலுள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும் பிள்ளைகள், ஒரு கைப்பிடி விதைநெல்லைக் கேட்டு வாங்கி இதனைச் செய்து பார்க்கலாம். மிதப்பவற்றை வடித்து நீக்கியபின், மூழ்கிய மணிகளை உடனே நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். உப்புத் தங்கினால் முளைப்புக் கெடும்.