நரம்பு அல்ல, சிரை

கால்களில் நீலநிறமாகப் புடைத்து முறுக்கிக்கொண்டிருப்பவற்றை நாம் 'நரம்புச் சுருட்டு' என்கிறோம். உண்மையில் அவை நரம்புகள் அல்ல. இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகள். இப்பெயரை நம்பி நரம்புக்கான மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருந்தால் காலந்தான் வீணாகும்.

பாதத்திலிருந்து இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி அதனை மேலே தள்ளுகின்றன. ஏறிய இரத்தம் கீழிறங்காதபடி சிரைகளுக்குள் உள்ள வால்வுகள் மூடிக்கொள்கின்றன. இவ்வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் தேங்கி, சிரைகள் விரிகின்றன. பரம்பரை, முதுமை, கருவுறுதல், உடற்பருமன், நெடுநேரம் நின்று பணியாற்றுதல் ஆகியன இதற்கு வழிகோலுகின்றன.

மாலையில் கால் கனத்தலும் கணுக்கால் வீக்கமும் தொடக்க அறிகுறிகள். கவனியாது விட்டால் கணுக்காலருகே தோல் கருத்து, அரிப்பெடுத்து, தடித்து, இறுதியில் புண்ணாகும். சிரையின் பழுது நீங்காதவரை, அப்புண் களிம்பால் ஆறினாலும் மீண்டும் தோன்றக்கூடும்.

பழுது எங்கே என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத இச்சோதனையைப் பெரும்பாலும் நோயாளியை நிற்கவைத்தே செய்கின்றனர். மேற்புறச் சிரையில் இரத்தம் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கிப் பாய்ந்தால் வால்வு பழுது என்பது பொருள்.

தொடக்க நிலையில் நடைப்பயிற்சி, எடைக்குறைப்பு, ஓய்வின்போது கால்களை உயர்த்தி வைத்தல், அழுத்தக் காலுறை ஆகியவை துன்பத்தைத் தணிக்கும். எனினும் தமனி அடைப்பு உள்ளோருக்கு இக்காலுறை தீங்கு விளைவிக்கலாம். ஆதலின் சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்போரும் மருத்துவரைக் கேளாமல் அணியலாகாது. பழுதுற்ற சிரையை லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் உள்ளிருந்தே மூடிவிடலாம். அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து நடைபெறும் இச்சிகிச்சைக்குப்பின் பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். மூடிய சிரையின் வேலையை நல்ல சிரைகள் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் நொடியும் தாமதிக்கலாகாது. புடைத்த சிரையிலிருந்து குருதி கசிந்தால் படுத்து, காலை உயர்த்தி, அவ்விடத்தை அழுத்திப் பிடித்தபடி உதவி கோரவேண்டும்.

பல மருத்துவக் காப்பீடுகளில் இந்நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. நம் பாலிசியில் அது எவ்வளவு என்பதை இன்றே பார்த்து வைப்போம். கணுக்கால் தோல் நிறம் மாறத் தொடங்கினால், புண்ணாகும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவோம்.