உங்களுக்குத் தெரியுமா? படிக்க வாங்கிய கடன்

● அமெரிக்க மத்திய அரசிடம் கல்விக் கடன் வாங்கிவிட்டு இன்னும் கட்டி முடிக்காதவர்கள் சுமார் 4.3 கோடிப் பேர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பாதிக்கும் மேல்! மொத்த பாக்கி ஏறத்தாழ 1.6 லட்சம் கோடி டாலர்.

● இந்தக் கடனுக்கு விதை போட்டது ஒரு சோவியத் செயற்கைக்கோள். 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் வானில் ஏறியதும், ரஷ்யா முந்திவிட்டதே என்று அமெரிக்கா பதறியது. மறு ஆண்டே அதிபர் ஐசனோவர் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாணவர்களுக்கு 3 சதவீத வட்டியில் கடன் கிடைத்தது. படித்து முடித்து அரசுப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தால், ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் பாதிக் கடன் வரை கழித்துவிடுவார்கள். தள்ளுபடி என்பது நேற்று முளைத்த சலுகை என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடனோடு கூடப் பிறந்ததுதான் தள்ளுபடி.

● 1965 நவம்பர் 8 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்ட இடம் வெள்ளை மாளிகை அல்ல. டெக்சஸ் மாநிலம் சான் மார்கோஸில் அவர் படித்த கல்லூரி. அங்கே படித்த நாளில் அவர் குடியிருந்தது கல்லூரித் தலைவரின் கார் கொட்டகைக்கு மேலிருந்த சின்ன அறையில். குளிப்பதற்கும் முகம் மழிப்பதற்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவார். தரை கூட்டினார், காலுறை விற்றார். இதையெல்லாம் அன்றைய மேடையிலேயே சொன்னார். வங்கிகள் மாணவர்களுக்குத் தரும் கடனுக்கு அரசே ஜாமீன் நிற்கும் என்றது அந்தச் சட்டம். வறுமையை அனுபவித்தவர் போட்ட கையெழுத்து அது. பிற்காலத்தில் அது எத்தனை பேர் கழுத்தை இறுக்கும் என்று அந்த மேடையில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

● நியூயார்க் நகரக் கல்லூரி 1847ல் தொடங்கியபோது அதன் பெயரே 'இலவச அகாடமி'. போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் அங்கே படித்தவர்தான். நகரமே பணமின்றித் தவித்த 1976ல் அந்த இலவசக் கல்வி முடிவுக்கு வந்தது.

● ஏழை மாணவர்களுக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத 'பெல்' உதவித்தொகை ஒன்று உண்டு. 1970களின் நடுவில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கவும் தங்கவும் ஆகும் செலவில் முக்கால் பங்குக்கு மேல் அதுவே தாங்கியது. இப்போது மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதே பெரும்பாடு. 2024-25ல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். சொந்த மாநில மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களின் சராசரிக் கட்டணம் மட்டும் 11,610 டாலர், தனியாரில் 43,350. சாப்பாடும் அறை வாடகையும் தனி.

● பத்து வருடம் ஒழுங்காகக் கட்டியும் கடன் ஏறுமா? ஏறும். 30,000 டாலர் கடன், 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு வட்டி மட்டும் 150 டாலர். சம்பளம் குறைவு என்பதால் மாதம் 100 டாலர் கட்டினால் போதும் என்று சலுகை கிடைக்கிறது. பெற்றவர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். ஆனால் மாதாமாதம் 50 டாலர் வட்டி நிலுவையாகச் சேரும். பத்தாண்டு முடிவில் அவர் கட்டியது 12,000 டாலர், பாக்கி 36,000 டாலர். ஒரு தவணைகூடத் தவறவில்லை! லட்சக்கணக்கானவர்களின் கணக்கு இப்படித்தான் வளர்ந்தது.

● வியாபாரத்தில் நொடித்தவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துத் தப்பலாம். அமெரிக்காவில் கிரெடிட் கார்டு கடனுக்கும் அந்த வழி உண்டு. கல்விக் கடனுக்கு மட்டும் 1976ல் கதவைப் பாதி சாத்தினார்கள்: முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் திவால் கூடாது. 1998ல் கால வரம்பையே எடுத்துவிட்டு, மிகக் கடுமையான துயரத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் விடுதலை என்றார்கள். 2005ல் தனியார் கல்விக் கடனும் இதில் சேர்ந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், எத்தனை ஆண்டு பழைய கல்விக் கடனாக இருந்தாலும் முதியோர் ஓய்வூதியத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. வயது போனவரின் மருந்துச் செலவுப் பணத்தில் கைவைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

● பராக் ஒபாமாவும் மிஷெலும் தங்கள் கல்விக் கடனைக் கட்டி முடித்தது ஏறக்குறைய 2004ல். அவர் அதிபர் தேர்தலில் வென்றது 2008ல்.

● பத்தாண்டு அரசு அல்லது சேவைப் பணி, 120 தவணை, மீதி தள்ளுபடி: செவிலியர், ஆசிரியர், தீயணைப்பு வீரர்களுக்கு 2007ல் கொடுத்த வாக்குறுதி இது. 2017ல் முதல் விண்ணப்பங்கள் வந்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிராகரிக்கப்பட்டன. கடன் வகை சரியில்லை, தவணைத் திட்டம் சரியில்லை என்று காரணங்கள். விதிகளைத் தளர்த்திய பிறகு, 2024 அக்டோபருக்குள் 10 லட்சம் பேர் விடுதலை பெற்றார்கள். ஆக, குறை மனிதர்களிடம் இல்லை, படிவத்தில்தான் இருந்தது.

● 2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் தலைக்கு 10,000 டாலரும், பெல் உதவி பெற்றவர்களுக்கு 20,000 டாலர் வரையும் தள்ளுபடி அறிவித்தார். சுமார் 2.6 கோடிப் பேர் மனுச் செய்தார்கள். 1.6 கோடிப் பேருக்கு ஒப்புதலும் கிடைத்தது. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் திட்டத்தை ரத்து செய்தது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் நிறுத்தி வைத்த தவணைகளும் அந்த அக்டோபரில் திரும்ப வந்தன.

● கொரிந்தியன் என்ற லாப நோக்குக் கல்லூரிக் குழுமம், வேலை நிச்சயம் என்று பொய்க் கணக்குக் காட்டி ஆள் சேர்த்து, 2015ல் இழுத்து மூடியது. அதன் மாணவர்கள் 5.6 லட்சம் பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு 2022ல் ரத்து செய்தது. அதற்கு முன்பே, 2014ல், ஒரு மக்கள் இயக்கம் இதே குழுமத்தின் மாணவர்கள் கட்ட வேண்டிய சுமார் 38 லட்சம் டாலர் வாராக் கடனைச் சந்தையில் ஒரு லட்சத்துச் சொச்சம் டாலருக்கு வாங்கி, கிழித்துப் போட்டது. வசூல்காரர்களுக்குள் கைமாறும்போது ஒரு டாலர் கடனின் விலை மூன்று சென்ட்தான். மாணவரிடம் மட்டும் முழு டாலர் கேட்பார்கள்!

● 2019 மே 19, அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி. கறுப்பின இளைஞர்கள் படிக்கும் புகழ்பெற்ற கல்லூரி. பட்டமளிப்பு விழாவில் பேச வந்த தொழிலதிபர் ராபர்ட் ஸ்மித், பேச்சின் நடுவே இந்த ஆண்டு மாணவர்களின் கல்விக் கடன் முழுவதையும் தம் குடும்பமே அடைக்கும் என்றார். கறுப்பு அங்கியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து, பிறகு எழுந்து கூவினார்கள். ஏறத்தாழ 400 பேர், 3.4 கோடி டாலர். பெற்றோர் பெயரில் வாங்கிய கடனும் அதில் அடக்கம். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

● கென்டக்கியின் பெரியா கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் வாரம் பத்து மணி நேரமாவது கல்லூரியில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

● 2025 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, புதிதாகக் கடன் வாங்குவோர் வருமானத்துக்கேற்பக் கட்டும் திட்டத்தில் 30 ஆண்டு கட்டிய பிறகே மீதி தள்ளுபடி. இருபத்தைந்து வயதில் கட்டத் தொடங்கியவருக்கு அப்போது வயது 55.

● அங்கே எம்.எஸ். படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு அமெரிக்க மத்திய அரசுக் கடன் கிடையாது. கடன் இங்கேதான்: அப்பா இணைக் கடன்தாரர், பெரிய தொகை என்றால் வீட்டுப் பத்திரம் அடமானம். அங்கே எந்த அதிபர் தள்ளுபடி அறிவித்தாலும் அந்தப் பத்திரம் திரும்பி வராது. படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்று வங்கியில் சொல்வார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் மேலாளரிடம் ஒன்று கேளுங்கள்: முதல் தவணை தொடங்கும் மாதத்தில் மொத்த பாக்கி எவ்வளவு நிற்கும்? அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.